வாகனம் வராத றோட்டு

கிளேட்டன், மெல்பேர்ண்
5 மார்ச் 1978

விமலாவுக்கு,

நீர் சிட்னிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போன நாளிலிருந்து நான் உமக்கு எழுதியதெல்லாம் வீட்டு வரி, காப்புறுதி, உமது பெயருக்கு வந்த தபால், இவைதான். இதுவும் ஒரு தபாலோடுதான் தொடங்குகிறது. ஆனால் கதிரையில் இருந்து வாசியும். நின்றபடி வாசிக்க வேண்டாம்.

வெர்ன்யோல் ஊர் மேயர் பிரான்சிலிருந்து எழுதியிருக்கிறார். கேதீஸை அடக்கம் செய்த இடம் ஊரின் பொது நிலமாம். அதில் ஒருவருக்கு ஐந்து வருஷம்தான். வருகிற ஜூனோடு எங்கள் பிள்ளையின் தவணை முடிகிறது. விரும்பினால் அந்த இடத்தை இன்னும் முப்பது வருஷத்துக்கு அவன் பெயரில் எழுதித் தருவார்கள். இல்லையென்றால் நாங்கள் எடுத்துக்கொண்டு போகலாம். இரண்டும் இல்லாவிட்டால் எலும்புகளை எடுத்து மூலையிலுள்ள பொதுக் கிடங்கில் சேர்த்துவிடுவார்கள். மேயர் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். மூன்று தரம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

அவனை அங்கேயே விடுவது நல்லது என்பது என்னுடைய அபிப்பிராயம். ஆனால் அன்றைக்கு உம்மைக் கேளாமல் ரெலிபோனில் "ஓம், அடக்கம் செய்யுங்கள்" என்று சொன்னவன் நான். நீர் ஊசி போட்டபடி ஆஸ்பத்திரியில் கிடந்தீர். தூதரகம் எங்களைத் தேடிப் பிடிக்கவே ஒரு கிழமைக்கு மேல் போய்விட்டது. அங்கே நல்ல கோடை. எரிக்கிற இடமோ முந்நூறு கிலோமீற்றருக்கு அங்கால். இதையெல்லாம் உமக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இந்த முறை உம்மைக் கேளாமல் ஒன்றும் செய்யமாட்டேன். உமது விருப்பத்தை எழுதும்.

கந்தோரில் பத்து வருஷம் முடிந்தபடியால் எனக்கு நீண்ட சேவை லீவு கிடைக்கிறது. ஏப்ரல் கடைசியில் போகிறேன். தூலூஸில் இறங்கி அங்கிருந்து சைக்கிளில். அவனுக்கு நான் வரைந்து கொடுத்த அதே பாதை. கார் பிடித்தால் ஒரு நாளில் போய்விடலாம் என்று எனக்கும் தெரியும்.

கதிர்காமநாதன்


பென்டில் ஹில், சிட்னி
13 மார்ச் 1978

கேதீஸின் அப்பாவுக்கு,

இருந்துதான் வாசித்தேன். ரஞ்சினி வேலையால் வந்து, "என்னக்கா, லைற்றும் போடாமல் இருக்கிறியள்?" என்று கேட்ட பிறகுதான் இருட்டியது தெரிந்தது.

சைக்கிள் ஓடப் போகிறீர்களாம். உங்களுக்கு வெட்கம் என்று ஒன்று இல்லையோ? குசினி மேசையில் அந்த றோட்டுப் படத்தை விரித்துவைத்து நீங்கள் அவனுக்குச் சொன்னது என்ரை காதுக்குள் இப்பவும் கேட்குது. "சிவப்புக் கோட்டில ஏறாதை, தம்பி. அது லொறி போற பாதை. இந்த வெள்ளைக் கோடுகளில போ. விடிய வெளிக்கிட்டு மத்தியானம் மட்டும் ஓடினாலும் ஒரு வாகனம் வராது." நீங்கள் சொன்னது அவ்வளவும் உண்மை. ஒரு வாகனமும் வரவில்லை. புதிதாய்க் கொட்டிய சரளைக்கல்லில் சறுக்கி, பாலத்துக் கட்டில் தலை அடிபட்டு என்ரை பிள்ளை விழுந்து கிடந்தபோது ஒரு லொறி வரவில்லை, ஒரு கார் வரவில்லை, ஒரு குஞ்சு குருமன் வரவில்லை. எங்கடை வீட்டுக்குக் கிட்ட, எந்நேரமும் வாகனம் ஓடுகிற டண்டினொங் றோட்டில் விழுந்திருந்தால் ஆரும் ஓடிவந்து தூக்கியிருப்பார்கள். நீங்கள் ஆளில்லாத இடமாய்ப் பார்த்துத் தேடி அனுப்பினீர்கள்.

தூரமாம், கோடையாம். நீங்கள் ஏன் புதைக்கச் சொன்னனீங்கள் என்று எனக்குத் தெரியும். தகப்பனுக்கு மகன் கொள்ளி வைக்கிறது வழமை. மகனுக்கு வைக்க உங்களுக்குக் கை வரவில்லை. எந்தத் தகப்பனுக்கு வரும்? அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்காக அவனைக் குளிப்பாட்டாமல், திருநீறு பூசாமல், றோட்டுப் புழுதியும் இரத்தமுமாய்ப் பெட்டியில் போட்டு மூட விட்டீர்களே, அதை என்னால் பொறுக்க முடியாது. நான் இங்கே முதியோர் இல்லத்தில் என்ன வேலை செய்கிறேன் தெரியுமோ? பெயர் வாயில் நுழையாத வெள்ளைக்காரக் கிழவிகளைத் தினமும் குளிப்பாட்டுகிறேன். தலை துவட்டிப் பவுடர் போட்டு விடுகிறேன். ஒவ்வொரு நாளும் அவன் நினைவுதான். பெற்ற பிள்ளைக்கு ஒரு வாளி தண்ணீர் வார்க்கக் கிடைக்கவில்லை.

என்ரை விருப்பத்தைக் கேட்டீர்கள். அவனை எடுத்து எரியுங்கோ. வேறு ஆரையும் விடாமல் நீங்கள்தான் கொள்ளி வைக்க வேணும். சாம்பலைக் கொண்டு வாங்கோ. அதற்குப் பிறகு நீங்கள் உலகம் முழுக்கச் சைக்கிள் ஓடினாலும் நான் கேட்க மாட்டேன்.

பிரஷர் குளிசையை மறக்காமல் கொண்டு போங்கோ. கை லக்கேஜில் வையுங்கோ.

விமலாதேவி


கிளேட்டன்
9 ஏப்ரல் 1978

விமலாவுக்கு,

உமது சொற்படியே செய்வேன். மேயருக்கு எழுதிவிட்டேன். தோண்டி எடுப்பதற்கும் கொண்டுபோவதற்கும் அனுமதி வேண்டுமாம். ஜூன் மாதத்துக்கிடையில் அந்த அனுமதியை எடுத்துத் தருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறார்.

கை வரவில்லை என்று எழுதியிருந்தீர். மறுக்க மாட்டேன். இந்த முறை வரும்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நான் அவனை ஆளில்லாத இடம் பார்த்து அனுப்பவில்லை. ஐம்பத்துநாலாம் ஆண்டு இலங்கை நீர்ப்பாசன இலாகா என்னைத் தூலூஸுக்குப் படிக்க அனுப்பியபோது எனக்கு அங்கே ஒரு நாய் தெரியாது. பாஷையும் அரைகுறை. சனி ஞாயிறில் ஒரு பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வெள்ளைக் கோட்டு றோட்டுகளில் திரிந்தேன். அங்கேதான் மனிதர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நகரத்தில் ஒருவரும் ஆட்டவில்லை. என் வாழ்க்கையில் நான் கண்ட நல்ல இடம் அதுதான். அதைத்தான் அவனுக்குக் கொடுத்தேன்.

வழியிலிருந்து எழுதுவேன். வாசிக்கிறதும் விடுகிறதும் உமது விருப்பம். எனக்கு எழுதுவதானால் வெர்ன்யோல் தபாற்கந்தோருக்கு என் பெயர் போட்டு எழுதும். எடுத்து வைத்திருப்பார்கள்.

குளிசை கை லக்கேஜில்தான் இருக்கிறது.

கதிர்காமநாதன்


ஃபிஜாக், பிரான்ஸ்
8 மே 1978

விமலாவுக்கு,

ஐம்பத்தாறு வயதில் சைக்கிள் ஏறினால் முதலில் நோவது கால் இல்லை, கைதான். பேனை பிடிக்கவே நடுங்குகிறது. எழுத்து விளங்காவிட்டால் ரஞ்சினியைக் கேளும்.

தூலூஸை விட்டு வெளிக்கிட்ட முதல் நாள் வழி தவறினேன். புதிதாக அகலறோட்டுப் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் நாள் ஒரு பாலத்தடியில் பழைய வெள்ளைக் கோட்டைப் பிடித்தேன். அதன்பிறகு சத்தம் நின்றுவிட்டது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. றோட்டின் இரண்டு பக்கமும் பிளேன் என்கிற நிழல்மரங்கள், அதற்கு அங்கால் கோதுமை, அதற்கு அங்கால் ஒரு மாதா கோவில் கூரை. சைக்கிள் சங்கிலியின் சத்தமும் என் மூச்சும்தான். ஒரு வளைவில் மாடுகளைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். இறங்கி நின்றேன். மாடுகள் முழுக்கக் கடந்துபோகும் வரைக்கும் அவர் என்னோடு கதைத்தார், எங்கே போகிறேன் என்று கேட்டார். மகனிடம் போகிறேன் என்றேன். "நல்லது, நல்லது, பிள்ளைகள் தாங்களாக வராதுகள், நாங்கள்தான் போகவேணும்" என்றார்.

ஏற்றங்கள் பொல்லாதவை. பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ளுகிறேன். அவன் ஒன்றிலும் இறங்கியிருக்க மாட்டான். ஒவ்வொரு உச்சியிலும் நின்று, அவன் இதில் நின்று என்ன பார்த்திருப்பான் என்று பார்க்கிறேன். பார்த்துவிட்டு இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தபடி நடைவேகத்தில் இறங்குகிறேன். நேற்று ஒரு பெண்பிள்ளை பின்னால் வந்து சிரித்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள். சரளை, கவனம் என்று கத்தினேன். அவளுக்கு விளங்கியதோ தெரியாது.

இந்த ஊர்களில் மத்தியானம் எல்லாக் கடையும் பூட்டு. குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் சுடலைக்குத்தான் போகவேண்டும். பூச்சாடிகளுக்கு ஊற்ற என்று ஒவ்வொரு சுடலை வாசலிலும் நல்ல தண்ணீர்க் குழாய் உண்டு. சைக்கிள்காரர் எல்லோரும் அதில்தான் போத்தல் நிரப்புவார்கள். கேதீஸுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். உமக்குச் சொல்லவேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன்.

இன்றைக்கு அப்படி ஒரு குழாயடியில் இருந்து நன்றாக அழுதேன். பூ வைக்க வந்த ஒரு மனுசி பாவம் பார்த்து, என்னுடைய ஆள் எந்த வரிசையில் என்று கேட்டா. இந்த ஊரில் இல்லை, இன்னும் கொஞ்சம் அங்கால் என்றேன்.

கதிர்காமநாதன்


பென்டில் ஹில்
17 மே 1978

கேதீஸின் அப்பாவுக்கு,

மரம், கோதுமை, கோவில் கூரை. இதெல்லாம் எனக்கு எதற்கு எழுதுகிறீர்கள்? கிழித்துப் போட எடுத்தேன், கிழிக்கவில்லை.

சுடலைத் தண்ணீரையோ பிள்ளைக்குக் குடிக்கச் சொல்லிக் கொடுத்தனீங்கள்? நான் ஒரு செத்தவீட்டுக்குப் போய்வந்தால்கூட அவனை வாசலில் நிறுத்தி வைத்துத் தலையில் தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே எடுப்பேன். தகப்பனும் மகனும் சேர்ந்து எனக்கு மறைத்திருக்கிறீர்கள். இன்னும் என்னென்ன இருக்கோ தெரியாது. வேலையில் நினைத்து எரிச்சலாக வந்தது. பிறகு, உங்கள் இரண்டு பேருக்கும் எனக்குத் தெரியாமல் ஒரு கதை இருந்திருக்கிறது என்று நினைக்க வேறு என்னவோ செய்தது.

அங்கே அவன் என்ன சாப்பிட்டிருப்பான்? வெள்ளிக்கிழமை மரக்கறி என்று சொல்லித்தான் அனுப்பினேன். அந்தச் சனம் எல்லாத்துக்குள்ளும் பன்றி போடுமாமே. அதைக் கேட்டுப் பாருங்கோ.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கோ. ஐந்து வருஷமாக நான் உங்களிடம் கேட்காத கேள்வி அது. கேட்டால் பதில் சொல்லிவிடுவீர்கள் என்று பயந்து கேட்கவில்லை. அவன் எவ்வளவு நேரம் கிடந்தான்? தனியவோ கிடந்தான்? அப்போது வந்த மேயரின் கடுதாசியில் "ஊரவர் ஒருவர் கண்டார்" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஊரவர் ஆர்? எப்போது கண்டார்? நீங்கள் இஞ்சினியர், எல்லாவற்றையும் அளந்து சொல்லுகிறவர். இதை மட்டும் அளக்காமல் விட்டீர்கள். மறைக்காமல் எழுதுங்கோ. நான் தாங்குவேன். இவ்வளவு காலம் நானாக நினைத்துப் பார்த்ததைவிட மோசமாக ஒன்றும் இருக்காது.

ஏற்றத்தில் இறங்கித் தள்ளுங்கோ. ஒருவரும் பரிசு தரப்போவதில்லை.

விமலா


வெர்ன்யோல்
27 மே 1978

அன்பின் விமலா,

நான் வந்து சேர்ந்த அன்று உமது கடிதம் இருக்கவில்லை. முந்தநாள்தான் வந்தது. இந்த ஊர் தபாற்காரன் சைக்கிளில் தேடிவந்து தந்தான். இப்போது கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டேன். கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

அவனைக் கண்டவ பெயர் ஓடெட். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். புருஷன் இல்லை. அன்று காலையில் சுடலைக்குப் பூவுக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருக்கிறா. குழாயடியில் ஒரு கறுத்தப் பெடியன் முகம் கழுவிக்கொண்டு நின்றானாம். இவவைக் கண்டதும் போத்தல் நிரப்புவதை விட்டு விலகி, இவவுடைய வாளியை வாங்கி நிரப்பி, புருஷனுடைய கல்லறை வரைக்கும் தூக்கிக்கொண்டுபோய் வைத்தானாம். பாஷை விளங்கவில்லை, சிரித்தானாம். பிறகு சைக்கிளில் ஏறிப் போனான். இவவும் தன் வேலை முடிந்து, தன்னுடைய பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு அதே இறக்கத்தால் வீட்டுக்கு வந்திருக்கிறா. பாலத்தடியில் அவன் கிடந்தான்.

ஆகவே விமலா, அவன் தனியக் கிடந்தது கொஞ்ச நேரம்தான். ஒரு மனுசி பூக்களுக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கிற நேரம்.

அவனுக்கு உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. மறைக்க வேண்டாம் என்று நீர் எழுதியபடியால் இதையும் எழுதுகிறேன். ஓடெட் கத்திப் பார்த்திருக்கிறா. ஒருவரும் இல்லை. பாதை அப்படி. ஊருக்குள் ஓடிப்போய் ஆளைக் கூட்டி வருவதா, பக்கத்தில் இருப்பதா என்று தெரியவில்லையாம். எழும்பப் போனபோது அவன் அவவுடைய ஏப்ரனைப் பிடித்துக்கொண்டானாம். அதற்குப் பிறகு அவ எழும்பவில்லை. தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. உழவு மெஷினோடு ஒருவர் வந்தபோது அவன் போய்விட்டான். மண்டைக்குள் உடைந்துவிட்டது, ஓடிப் போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான் என்று வைத்தியர் சொன்னாராம். ஆனாலும் அந்த மனுசி ஐந்து வருஷமாக நித்திரை கொள்ளவில்லை. என்னைக் கண்டதும் முதல் கேட்ட கேள்வி, "நான் போயிருக்க வேணுமோ, இருந்தது சரியோ?" இதற்குத் தாய்தான் மறுமொழி சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன். இந்த ஊரில் செத்தவரைப் பெட்டியில் வைக்க முதல் அயல் பெண்கள் குளிப்பாட்டுவது வழக்கமாம். அவனுக்கு ஆருமில்லை என்றபடியால் ஓடெட்டும் அவவுடைய தங்கச்சியும் செய்தார்கள். மேயர் கந்தோரின் பின்னறையில், இளஞ்சூட்டுத் தண்ணீரில். தலைமயிருக்குள் இருந்த சரளைக்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார்களாம். நகத்துக்குள் இருந்த மண்ணையும் எடுத்தார்களாம். தன்னுடைய புருஷனின் நினைவாக வைத்திருந்த வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுவிட்டாவாம். கை நீளம் போதவில்லையாம், அதற்கும் என்னிடம் மன்னிப்புக் கேட்டா. புழுதியோடு வைக்கவில்லை, விமலா. குளிப்பாட்டித்தான் வைத்தார்கள்.

சிலுவை வைக்கவில்லை. இவன் என்ன சமயமோ தெரியாது, பிழையாக வைக்கக்கூடாது என்று ஓடெட் மேயரோடு சண்டை பிடித்தாவாம். ஆற்றுக் கல் ஒன்று இருக்கிறது. சுற்றி ஒரு புல் முளைக்க அவ விடுவதில்லை.

நேற்று அந்தப் பாலத்துக் கட்டில் காலையிலிருந்து இருந்தேன். உமக்கு அளந்து சொல்ல வேண்டுமே. மத்தியானம் வரைக்கும் தபாற்காரன் மட்டும் போனான்.

சாப்பாடும் கேட்டேன். பக்கத்து ஊர் பாண் கடைக்காரிக்கு அவனை நினைவிருக்கிறது. இறைச்சி வேண்டாமென்று கையால் காட்டி, பாணும் வெண்ணெய்க்கட்டியும் வாங்கினானாம். அன்று வெள்ளிக்கிழமை.

அனுமதி வந்துவிட்டது. ஜூன் இருபதாம் தேதி என்று குறித்திருக்கிறார்கள். தூலூஸுக்குக் கொண்டுபோய் நீர் சொன்னபடி நானே செய்வேன். என்னுடைய விருப்பத்தை இப்போது கேட்க வேண்டாம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

கதிர்


பென்டில் ஹில்
6 ஜூன் 1978

அன்பின் அத்தான்,

இப்படி அழைத்து எழுதி எத்தனை காலம் என்று எனக்கே தெரியவில்லை. கடிதம் நேற்று வந்தது. ரஞ்சினியின் மனுசன் பாஸ்கர் தம்பி வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றுவிட்டார். நான் அழுத அழுகைக்கு அவர் பயந்துபோனார். ஆனால் இது வேறு அழுகை. இவ்வளவு காலமும் அழுதது இப்படி இல்லை.

தலைக்குள் இருந்து கல்லு எடுத்தார்களாமே. நான் எடுத்திருந்தால் எப்படி எடுப்பேனோ அப்படி எடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு வேலையில் ஒரு மனுசியைக் குளிப்பாட்டும்போது தலைமயிரை விரலால் பிரித்துப் பிரித்துக் கழுவிவிட்டேன்.

அத்தான், அவனை விடுங்கோ. எடுக்க வேண்டாம். குளிப்பாட்டி, உடுப்பாட்டி, அவ்வளவு கவனமாக வைத்த பிள்ளையைத் திரும்பத் தோண்டிக் குலைக்கக்கூடாது. முப்பது வருஷத்துக்கு எழுதித் தருவதாகச் சொன்னார்கள் அல்லவோ, அப்படியே செய்யுங்கோ. வருகிற வருஷம் நான் வருகிறேன். நீங்கள் சைக்கிளில் வாங்கோ, நான் பஸ்ஸில் வருகிறேன். அந்தக் குழாயடியில் அவன் முகம் கழுவினானாம். நானும் அதில் ஒருக்கால் முகம் கழுவவேண்டும்.

அந்த அம்மாவுக்குச் சொல்லுங்கோ. இருந்தது சரி. போயிருந்தால் என்ரை பிள்ளை ஆரையும் பிடிக்காமல் போயிருப்பான். இருந்ததுதான் சரி என்று தாய் சொன்னா என்று சொல்லுங்கோ. பிந்தாமல் சொல்லுங்கோ, அவ இனியாவது படுக்கட்டும்.

உங்களுக்கு ரெலிபோன் எடுக்க இலக்கம் தெரியாது. ரஞ்சினி தந்தி அடிக்கச் சொல்கிறாள். எனக்கு ஏலாது. அன்றைக்கு அந்தச் செய்தியைக் கொண்டுவந்ததும் தந்திதான். அந்தக் கந்தோர்க் கவுண்டரில் நின்று, "புதைத்தபடி விடுங்கோ" என்று இங்கிலிஷில் என்ரை பிள்ளையைப் பற்றி எழுதிக் கொடுத்து, அதை ஒருத்தி பென்சிலால் சொல் எண்ணிக்கொண்டிருப்பதை நான் பார்க்க மாட்டேன். நீங்களும் என்ன நினைப்பீர்கள்? எரியுங்கோ எரியுங்கோ என்று நின்றவள் இரண்டு சொல்லில் மாறினால் நம்புவீர்களோ? என்ரை கையெழுத்தில் கண்டால்தான் நம்புவீர்கள். இருபதாம் தேதிக்கு இன்னும் நாள் கிடக்கிறது. இது போய்ச் சேர்ந்துவிடும்.

சாப்பிடுங்கோ.

விமலா


தூலூஸ்
15 ஜூன் 1978

அன்பின் விமலா,

உமது கடிதம் இன்று என் கையில் கிடைத்தது. பன்னிரண்டாம் தேதி எல்லாம் முடிந்துவிட்டது.

இந்த வருஷம் வெயில் முந்தி வந்துவிட்டது. வெயில் ஏறினால் தோண்ட விடமாட்டோம், இப்போதே எடுங்கள் அல்லது மழைக்காலம் வரைக்கும் பொறுங்கள் என்று சுகாதாரப் பகுதியார் சொன்னார்கள். என் லீவு அதுவரைக்கும் இல்லை. இரண்டாம் முறையும் உமது விருப்பத்துக்கு மாறாகச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. எடுக்கச் சொன்னேன்.

பெட்டியைத் திறக்கவில்லை. ஓடெட்டும் வானில் என்னோடு வந்தா. வழிநெடுக அந்தச் சின்ன றோட்டுகளையே பிடித்துப் போகும்படி சாரதியிடம் சொன்னேன். அவனும் மெதுவாக ஓட்டினான். இங்கே வந்ததும் பெட்டியின் மேல் திருநீறு பூசினேன். தேவாரம் பாடினேன், பாதியில் மறந்துபோனது, தொடக்கத்திலிருந்து திரும்பப் பாடினேன், அந்த இடத்தில் திரும்பவும் நின்றுபோனது. கொள்ளி என்று ஒன்றும் இல்லை இங்கே. சுவரில் ஒரு பொத்தான். நான்தான் அமர்த்துவேன் என்றேன். அமர்த்தினேன். ஓடெட் என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. என் கை வந்தது, விமலா. உமக்கு எழுத வேண்டும் என்றுதான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் அவ ஊருக்குப் போனா. அங்கே உமது கடிதம் இருந்திருக்கிறது. தபாற்காரன் இந்த ஹோட்டல் விலாசத்துக்குத் திருப்பி அனுப்பினான். நானும் அவனை அங்கே விடத்தான் விரும்பினேன். பாலத்துக் கட்டில் இருந்த அன்றே உமக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்டால் உம்மை மறுபடியும் மடக்குவதாக நினைப்பீர் என்று கேட்கவில்லை.

ஓடெட்டுக்கு ரெலிபோன் எடுத்து, இருந்தது சரி என்று நீர் எழுதியதைச் சொன்னேன். திரும்பவும் ஒருக்கால் சொல்லச் சொல்லிக் கேட்டா. கடிதத்தில் இருந்த மற்றதைச் சொல்லவில்லை. சொன்னால் அவ தாங்க மாட்டா. எனக்கும் சொல்ல வாய் வராது.

சாம்பல் என்னோடு இருக்கிறது. ஜூலை எட்டாம் தேதி பிளேன். இதை என்ன செய்யவேண்டும் என்று எழுதும். அதுவரைக்கும் இந்த அறையை விட்டு நான் எங்கும் போகப்போவதில்லை. சைக்கிளைத் தபாற்காரனுக்குக் கொடுத்துவிட்டேன்.

கதிர்


கிளேட்டன்
25 ஜூன் 1978

அன்பின் அத்தான்,

உங்கள் கடிதம் பென்டில் ஹில்லுக்கு வந்தது. அடுத்த நாள் விடிய பாஸ்கர் தம்பியைக் கேட்டேன், காரில் கொண்டுவந்து இங்கே விட்டார். வீட்டுத் திறப்பு பக்கத்து வீட்டுக்காரியிடம் இருந்தது. வீட்டைப் பார்த்தால் ஒரு மனிதன் இருந்த வீடு மாதிரி இல்லை. ஒரு கோப்பை, ஒரு கரண்டி, ஒரு கதிரை. மற்றக் கதிரைகளை எங்கே வைத்தீர்கள்? கராஜுக்குள் தேடி எடுத்துக் கொண்டுவந்தேன்.

தந்தி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. நீங்களும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதை ஒருக்கால் மட்டும் எழுதுகிறேன், இனி வாயால் சொல்ல மாட்டேன்.

உங்களோடு கோபிக்க முடியவில்லை. நான் கேட்டதைத்தானே செய்தீர்கள். ஐந்து வருஷமாக உங்களைக் குறை சொல்லிக்கொண்டு இருந்தேன், அதால்தான் எழும்பினேன், அதால்தான் வேலைக்குப் போனேன். இப்போது குறை சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. வெறுமனே பிள்ளை இல்லை என்பது மட்டும் கிடக்குது. அது எனக்கு இப்பதான் முதல்முதல் தெரிகிற மாதிரிப் பயமாக இருக்கு.

சாம்பலை அங்கே எந்த ஆற்றிலும் விட வேண்டாம். லக்கேஜில் போட வேண்டாம். மடியில் வைத்துக்கொண்டு வாங்கோ. பிளேன்காரர் மேலே வைக்கச் சொன்னால் ஏலாது என்று சொல்லுங்கோ.

நான் எயார்போர்ட்டுக்கு வருவேன். என்னைக் கண்டதும் ஒன்றும் சொல்ல வேண்டாம், அழவும் வேண்டாம். முதல் அவனை என்ரை கையில் தாங்கோ. நான் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகு வீட்டுக்குப் போவம்.

விமலா